டோடோவின் தலையும் மன்சூரின் தூரிகையும்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1860இல் திறக்கப்பட்டது. அதன் உயிரினச் சேகரங்களுள் நம் நெஞ்சைக் கனக்கச் செய்வது டோடோ. மொரீஷியஸ் தீவில் 1598இல் டச்சுக்காரர் இறங்கியபின், ஒரு நூற்றாண்டு முடியுமுன்பே பூண்டோடு அற்றுப்போன பறவை அது. பேழைமுன் நின்று நாம் காண்பது மாதிரியுருவையே. மெய்யான எச்சமாகத் தோல் உலர்ந்த தலையும் ஒரு காலின் பகுதியுமே அங்குக் காப்பில் உள்ளன.

லண்டனில் 1638இல் உயிருடன் காட்சிக்கு வைக்கப்பட்ட பறவையே இது என நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால், 2018இல் வெளியான ஆய்வு அதன் பின்மண்டையிலும் கழுத்திலும் ஈய ரவைகள் புதைந்திருப்பதைக் காட்டியது. அப்பறவை சுடப்பட்டே இறந்திருக்கிறது.

அது உயிரோடிருந்த கோலத்தை அறிய நாம் முகலாய அரசவையை நாடவேண்டும். சூரத்தில் இரு டோடோக்களைக் கண்டதாக ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி எழுதிவைத்தார். பேரரசர் ஜஹாங்கீரின் ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ ஓவியம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ளது. உயிருள்ள டோடோவைக் காட்டும் ஓவியங்களுள் மிக நம்பகமானவற்றில் ஒன்றாக அறிஞர் அதனை மதிக்கின்றனர்.

எச்சம் அதன் சாவை உரைக்கிறது. வாழ்வை உரைப்பது ஓவியம். இயற்கை வரலாற்றை எழுதியோர் வரிசையில் மன்சூரின் பெயரையும் நாம் சேர்த்தே படித்தாக வேண்டும்.