பயிர் நோயியலில் முனைவர் பட்ட ஆய்வு

பயிர்களைத் தாக்கும் பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ் போன்ற நோய்க்காரணிகளையும், பயிரின் வேரிலும் திசுக்களுக்குள்ளும் வாழ்ந்து அதற்குத் துணைநிற்கும் நுண்ணுயிரிகளையும் பற்றி முனைவர் பட்டத்துக்காகச் செய்யப்படும் ஆராய்ச்சி இது. ஆய்வகத் தட்டில் கிடைத்த முடிவு செடியிலும் வயலிலும் மெய்ப்பட வேண்டும் என்பதே இத்துறையின் அடிப்படை நெறி.

வரலாறு

1845 முதல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழிவகுத்தது பின்கருகல் நோய். பூஞ்சை போன்றதொரு நுண்ணுயிரியே அதற்குக் காரணம் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி 1860களில் சோதனை மூலம் நிறுவினார். வேரைச் சுற்றியுள்ள மண்ணில் நுண்ணுயிர்களின் செயல்பாடு தனித்தன்மை வாய்ந்தது என்று கண்ட லோரன்ஸ் ஹில்ட்னர், 1904இல் 'வேர்மண்டலம்' என்ற கருத்தை முன்வைத்தார். எட்வின் ஜான் பட்லர் 1918இல் வெளியிட்ட நூல் இந்தியப் பயிர் நோயியலுக்கு அடித்தளமிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை வழிநடத்திய டி. எஸ். சதாசிவன், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்தில் மண்வாழ் பூஞ்சைகளைப் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். நாடு திரும்பியபின் பருத்தி வாடல் நோயை மையமாகக் கொண்டு ஓர் ஆய்வு மரபையே சென்னையில் உருவாக்கினார். நோய்க்காரணியான பியூசேரியம் சுரக்கும் பியூசாரிக் அமிலம் நோயுற்ற செடிக்குள்ளும் இருக்கிறதா என்று தேடிக் கண்டறிந்தது அம்மரபின் முக்கியப் பணி. குடுவையில் உருவாகும் நச்சு செடிக்குள்ளும் உருவாகும் என்று எளிதாகக் கொள்ள முடியாது என்பதாலேயே இத்தேடல் தேவைப்பட்டது.

நோய்க்காரணியை உறுதிசெய்தல்

ஆய்வு வயலில் தொடங்குகிறது. இலைப்புள்ளி கண்ட இலையில், நோயுற்ற திசுவும் நலமான திசுவும் சந்திக்கும் விளிம்பில் சிறு துண்டுகள் வெட்டப்படுகின்றன. புள்ளியின் நடுப்பகுதி இறந்துபோன திசு. அங்கே மட்குண்ணிகள் குடியேறியிருக்கும். விளிம்பில்தான் நோய்க்காரணி முனைப்புடன் வளர்ந்துகொண்டிருக்கும். துண்டுகளை நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் சிறிது நேரம் நனைத்து, நுண்ணுயிர் நீக்கிய நீரில் பலமுறை அலசி, உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகர் ஊடகத்தில் வைப்பார்கள். வளர்ந்துவரும் இழைநுனியைப் பிரித்தெடுத்தால் தூய வளர்ப்பு கிடைக்கும்.

கிடைத்த உயிரியை நலமான செடியில் செலுத்தி, அதே அறிகுறிகள் தோன்றுவதைக் கண்டு, அச்செடியிலிருந்து அதே உயிரியை மீண்டும் பிரித்தெடுத்தால்தான் நோய்க்காரணி உறுதியாகும். ராபர்ட் காக்கின் பெயரால் வழங்கும் விதிகள் இவை. துருநோய், சாம்பல் நோய்ப் பூஞ்சைகள் உயிருள்ள செடியில் மட்டுமே வளர்வதாலும், வைரஸ்கள் செயற்கை ஊடகத்தில் பெருகாததாலும், அவற்றுக்கு இவ்விதிகளைச் சற்று மாற்றிக் கையாள வேண்டியுள்ளது. இனத்தை அறிய, பூஞ்சைகளில் ஐ.டி.எஸ். பகுதியின் டி.என்.ஏ. வரிசையும் பாக்டீரியாக்களில் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு வரிசையும் படிக்கப்படுகின்றன.

நன்மை செய்யும் நுண்ணுயிரிகள்

வேர்மண்டல மண்ணைப் படிப்படியாக நீர்க்கச் செய்து கிங்ஸ் பி ஊடகத்தில் பரப்பினால், ஒளிரும் சூடோமோனாஸ் இனங்கள் புறஊதா ஒளியில் மஞ்சள் கலந்த பச்சையாக மிளிரும். இவற்றை நோய்ப் பூஞ்சையோடு ஒரே தட்டில் வளர்க்கும்போது இடையே பூஞ்சை வளராத தெளிவான பட்டை தோன்றினால், எதிர்ப்புத் திறன் உண்டெனக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் தட்டில் வென்ற பாக்டீரியா வேரில் நிலைக்காமல் போகலாம். தட்டில் எதையும் காட்டாத ஒன்று, செடியின் தற்காப்பைத் தூண்டி நோயைக் குறைக்கவும் கூடும்.

இந்த ஐயத்தைத் தீர்க்கும் வழியை லிண்டா தாமஷோவும் டேவிட் வெல்லரும் 1988இல் காட்டினர். கோதுமையின் வேரழுகல் நோயை அடக்கிய சூடோமோனாஸ் வகையொன்றில், பினசின் என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கும் திறனை மரபணுச் சிதைவால் நீக்கினார்கள். நோயடக்கும் ஆற்றல் குறைந்தது. அத்திறனை மீட்டபோது ஆற்றலும் திரும்பியது. எப்பொருளால் காப்பு கிடைக்கிறது என்பது வேரிலேயே நிறுவப்பட்ட இந்த ஆய்வு, இன்றும் முனைவர் ஆய்வுகளுக்கு முன்மாதிரியாக உள்ளது.

வயல்வெளி ஆய்வு

நல்ல பாக்டீரியா கிடைத்தாலும் அது உழவர் கைக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி. வித்யாசேகரனும் உடன் பணியாற்றியோரும், சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸை டால்க் தூளோடு கலந்து சேமிக்கும் முறையை 1990களில் உருவாக்கினர். கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் விதை நேர்த்தி செய்வது இன்று தமிழ்நாட்டு உழவர்களுக்குப் பழகிய பரிந்துரை.

மண்ணின் வளம் பாத்திக்குப் பாத்தி மாறுவதால், சிகிச்சைகளைக் குலுக்கல் முறையில் பகிர்ந்தளிக்கும் சமவாய்ப்புத் தொகுதி வடிவமைப்பில் வயல் சோதனைகள் நடத்தப்படுகின்றன. ஒரு பருவத்தில் பலித்தது அடுத்த பருவத்தில் பலிக்காமல் போகலாம் என்பதால், வெவ்வேறு பருவங்களிலும் இடங்களிலும் சோதனையைத் திரும்பச் செய்வது அவசியம்.

வளர்ப்புகளைக் காத்தல்

ஆய்வேடு ஏற்கப்பட்ட பின்பு, பயன்படுத்திய நுண்ணுயிரி அழிந்துவிட்டால் அந்த முடிவை மற்றவர்கள் சரிபார்க்க இயலாது. எனவே வளர்ப்புகளை உத்தரப் பிரதேசத்தின் மவூ நகரிலுள்ள தேசிய வேளாண் நுண்ணுயிர் சேகரத்திலோ சண்டிகரிலுள்ள நுண்ணுயிர் வளர்ப்பு வங்கியிலோ ஒப்படைத்து, டி.என்.ஏ. வரிசைகளைப் பொதுத் தரவுதளத்தில் பதிவது நல்ல ஆய்வின் கடமை. பின்னால் வரும் மாணவர் அதே வளர்ப்பைப் பெற்று, வேறொரு மண்ணில், வேறொரு நெல் ரகத்தில் அதைச் சோதிக்க இதுவே வழிசெய்கிறது.