கச்சான் காற்றில் விளைந்த இரும்பு

கல்முனைக் கடைத்தெருவை ஊடறுத்துப் போகும் பிரதான வீதிக்கு ஏ4 என்று பெயர். மட்டக்களப்பையும் கொழும்பையும் இணைக்கும் இதன் நீளம் சுமார் 430 கிலோமீற்றர். நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் வரை கரையோரமாகப் போய், பிறகு மேற்கே திரும்பி, மொணராகலை, வெல்லவாய தாண்டி மலையேறுகிறது. இதை விடாமல் பிடித்து மலைச்சைக்கிளில் போகிறவர், பலாங்கொடையை அண்மிக்கையில், உலக இரும்பு வரலாற்றில் தனி இடம் பெற்ற மலைச்சரிவுகளை வந்தடைகிறார்.

மே முதல் ஓகஸ்ட் வரை புறப்பட்டால் எதிர்க்காற்றுத்தான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வறண்டு சூடேறிக் கிழக்கே இறங்குவதே நமது கச்சான். வயற்களத்தில் பொலி தூற்றியவர்களைத் தவிர அதைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர் குறைவு. அந்தக் காற்றைக் கொண்டே மலைமுகட்டில் ஒரு காலத்தில் இரும்பு எடுத்திருக்கிறார்கள்.

பலாங்கொடைக்கு அருகே, வளவை கங்கையும் பெலிஹுல் ஓயாவும் சேருமிடத்தில் உள்ள சமனலவெவ அணை 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. நீர் நிரம்புமுன் அந்தப் பிரதேசத்தில் நடந்த தொல்லியல் ஆய்வில், பிரித்தானிய ஆய்வாளர் கில் ஜூலெஃப் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். பழைய இரும்பு உலைகள் காற்றுக்கு ஒதுங்காமல், காற்று முகத்தில் அறையும் மேற்கு விளிம்புகளில் இருந்தன. இவ்வகை உலைகள் கிடைத்த இடங்கள் 77. பெரும்பாலும் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை.

துருத்தி ஊதாமல் உலை எப்படி எரிந்தது? சரிவை வெட்டி, நீளவாக்கில் பின்சுவர் அமைத்து, முன்னே களிமண்ணால் தாழ்வான ஒரு சுவர் எழுப்பினார்கள். அதன் அடியில் வரிசையாகக் களிமண் குழாய்கள். சரிவில் ஏறி வேகமெடுக்கும் காற்று முன்சுவரின் தலையைத் தாண்டும்போது, சுவருக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவே கீழேயுள்ள குழாய்கள் வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக் கரியைக் கனலவைக்கிறது. வேலை முடிந்ததும் முன்சுவரை உடைத்து இரும்பை எடுப்பார்கள். அடுத்த முறைக்குப் புதுச்சுவர். காற்றை மட்டும் நம்பி இவ்வளவு வெப்பம் எழுப்ப முடியுமா என்ற சந்தேகம் ஆய்வாளர்களிடையே இருந்தது. ஜூலெஃப் 1994இல் அதே மலையில் உலை கட்டி, பருவக்காற்றிலேயே எரித்துக் காட்டினார். சாதாரண இரும்போடு, கரிமம் மிகுந்த உருக்கும் கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது.

அந்த உருக்கு எங்கே போயிருக்கும்? 9ஆம் நூற்றாண்டில் வாட்கள் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்-கிந்தி, ‘சரந்தீபி’ (இலங்கை) உருக்கைத் தனி வகையாகவே குறிப்பிடுகிறார். கப்பலேறிய உருக்கு சமனலவெவயிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காலம் பொருந்துகிறது.

இரும்பெடுப்பு அந்தப் பக்கத்தில் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. இலங்கையின் கனிமவள அளவையை நடத்திய ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பகுதியில் இரும்பும் உருக்கும் செய்யும் முறைகளை 1908இல் வெளியான தன் நூலில் விவரித்திருக்கிறார். அவர் கண்டது காலால் மிதிக்கும் துருத்தி. தொழிலோ அப்போதே அழியும் நிலையில் இருந்தது. வெளிநாட்டு இரும்பு மலிவாகக் கிடைக்கும்போது யார்தான் மலையேறிக் கரி சுடுவார்கள்?

இன்று போகிறவருக்கு முதல் சோதனை வெல்லவாயவுக்குப் பிறகான ஏற்றம். 220 மீற்றர் உயரத் தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்கும் சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கூரகலை ஜெய்லானிப் பள்ளிவாசலுக்குப் போய்வந்த கிழக்கூரவர்களுக்குப் பலாங்கொடைப் பக்கத்து மலைவிளிம்பின் காற்று புதிதல்ல. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மேடுகளில் டயருக்கு அடியில் நொறுங்கும் கறுத்த, கண்ணாடி போல மினுங்கும் துண்டுகள் வெறும் கற்களாக இல்லாமல் இரும்பெடுத்த பின் மிஞ்சிய கழிவான கிட்டமாக இருக்கலாம். துளையுள்ள சுட்ட களிமண் துண்டு கிடந்தால், அது உலைக் குழாயின் மிச்சமாகவும் இருக்கலாம்.

அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு சுற்றிப் போங்கள். படம் எடுங்கள், பையில் போடாதீர்கள். தொல்பொருளை எடுத்துப்போவது இலங்கைச் சட்டப்படி குற்றம். எந்த முகட்டில், எந்தத் திசையில் கிட்டம் கிடக்கிறது என்பதுதான் இந்த வரலாற்றுக்கு உள்ள ஆதாரம்.