துண்டும் பற்றுச்சீட்டும்

நூறாண்டுகளுக்கு முன்னர் ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே 'துண்டு' என்ற சொல்லுக்கு இருந்த கனம் வேறெந்தச் சொல்லுக்கும் இருந்ததில்லை. பதுளையை அடுத்து நமுனுகுல மலைச்சாரலில் அமைந்த ஸ்பிரிங்வெளியிலாயினும் சரி, தெமோதரையிலாயினும் சரி, ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் பெயர வேண்டுமானால் அவன் கையில், உண்மையைச் சொன்னால் அவனுடைய கங்காணியின் கையில், அந்தக் காகிதம் இருத்தல் வேண்டும்.

அதில் எழுதப்பட்டிருந்த வாசகம் மிகச் சுருக்கமானது. இன்ன தொகை தீர்க்கப்படுமாயின் இன்னாரை விடுவிப்போம் என்று தோட்டத்துத் துரை ஒப்பமிட்டுக் கொடுக்கும் வாக்குறுதியே துண்டு. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது? தமிழகத்துக் கிராமத்திலே பழைய கடனை அடைக்கவும், வழிச்செலவுக்கும் துணிமணிக்குமாகக் கங்காணி கொடுத்த முன்பணத்திலே அது தொடங்கிற்று. பின்னர் அரிசிக் கணக்கும், திருமணச் செலவும், இழவுச் செலவும் அதனோடு சேர்ந்தன. தோட்டம் பெரிய கங்காணிக்குக் கொடுத்தது ஒரு கணக்கு. கங்காணி தொழிலாளியின் பெயரில் எழுதிக்கொண்டது மற்றொரு கணக்கு. இரண்டுக்கும் இடையே இருந்த தூரத்தை அளந்து பார்க்க எழுத்தறியாதவனுக்கு வழி ஏது?

புதிய தோட்டத்துத் துரை துண்டிலே கண்ட தொகையைச் செலுத்தியவுடன், கங்காணியும் அவனுடைய ஆட்களும் குடும்பம் குடும்பமாக மூட்டை முடிச்சுகளோடு மலை ஏறி இறங்கினர். கடனும் உடன் சென்றது. ஆட்களுக்குத் தட்டுப்பாடு நேர்ந்த காலங்களில், கொழுந்து முற்றிப் பாழாகிவிடுமே என்று அஞ்சிய துரைமார் போட்டியிட்டுக் கூடுதலான முன்பணம் கொடுக்க முன்வந்தனர். ஆதலால் ஒவ்வொரு பெயர்ச்சியிலும் துண்டின் தொகை பெருத்தது. அதனால் ஆதாயம் அடைந்தவன் கங்காணி. அதைச் சுமந்தவன் தொழிலாளி.

சட்டத்தில் மட்டும் பார்த்தால் தொழிலாளி சுதந்திரமானவனே. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு அவன் விலகலாம். அறிவித்தலின்றி விலகினால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறை காத்திருந்தது. ஆனால் முறைப்படி அறிவித்து விலகியவனையும், துண்டில்லாவிடில், வேறு தோட்டத்தார் சேர்க்க முன்வருவதில்லை. சட்டம் திறந்து வைத்த கதவை வழக்கம் அடைத்து வைத்தது.

இதே தந்திரத்தை உலகின் மறுகோடியிலும் காணலாம். அமெரிக்க நாட்டிலே பேஸ்பால் கழகங்கள் 1879ஆம் ஆண்டில், தம்முடைய சில ஆட்டக்காரரைப் பிற கழகங்கள் அமர்த்தலாகாது என்று தமக்குள் உடன்பாடு செய்துகொண்டன. நாளடைவில் அது எல்லா ஆட்டக்காரரையும் கட்டிற்று. ஓராண்டுக்கே ஒப்பந்தம், பிணைப்போ ஆயுள் முழுவதும். கழகங்கள் தமக்குள் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளலாம். ஒரு கழகம் ஒருவரைக் கைவிட எண்ணினால், 'வேவர்' என்னும் முறைப்படி ஏனைய கழகங்களுக்கு அவரை முன்வைக்க வேண்டும். கேட்கும் கழகங்களுள் தரவரிசையில் தாழ்ந்ததற்கு முன்னுரிமை உண்டு. அக்காலத்தில் ஆட்டக்காரரின் விருப்பத்தை எவரும் கேட்டதில்லை. 1969இல் கர்ட் ஃபிளட் என்பார் செயின்ட் லூயிஸ் கழகத்திலிருந்து பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டபோது, செல்ல மறுத்து வழக்காடினார். 1972இல் உச்ச நீதிமன்றத்திலே தோற்றார். 1975இல் வேறு இருவர் தொடர்பான நடுவர் தீர்ப்பே அந்தப் பிணைப்பை அறுத்தது.

ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் டாலர் பெற்ற ஆட்டக்காரருக்கும் லயத்து அறையில் வாழ்ந்த தொழிலாளிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. அதனினும் நுட்பமான வேறுபாடு ஒன்றும் உண்டு. பேஸ்பாலில் கை மாறுவது ஆட்டக்காரருக்குக் கழகம் கொடுக்க வேண்டிய ஊதிய ஒப்பந்தம். ஊவாவிலே கை மாறியது தொழிலாளி கொடுக்க வேண்டியதாகச் சொல்லப்பட்ட கடன். அங்கே சம்பளம் ஆளைத் தொடர்ந்தது; இங்கே கடன் தொடர்ந்தது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் சேமநலச் சங்கம் அமைத்து, தொழிலாளரைச் சிறையிடும் விதிகளை எதிர்த்து வாதாடினார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. சிறைத் தண்டனை விதிகளும் அகன்றன.

துண்டு போயிற்று, பற்றுச்சீட்டு நிலைத்தது. முன்னைய காகிதம் வெளியேற விரும்பியவனைத் தடுத்தது. பின்னையது இருக்க விரும்பியவனை வெளியேற்றிற்று. வேலையோடு லயத்து அறையும் பிணைந்திருந்தமையால், பற்றுச்சீட்டுப் பெற்றவன் ஒரே நாளில் தொழிலையும் கூரையையும் இழக்க நேர்ந்தது. சங்கம் சேர்ந்தவர்கள்மீது இந்த ஆயுதம் பாய்ந்தது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த பின்னர், இந்தப் பூசல் மலைநாடெங்கும் பரவிற்று.

ஊவாவிலே அது 1940இல் உச்சம் அடைந்தது. பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே நடப்பதாகத் துரையும் ஒரு கட்டத்தில் இசைந்தார். அந்த இசைவு நீடிக்கவில்லை. பொலிஸாரின் அடக்குமுறையும் அவ்வாண்டின் பெருவெள்ளமும் ஊவாவின் போராட்டங்களை முடித்துவைத்தன.