வெல்ஸ், கிட்டி (1919–2012)

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகி. நாஷ்வில் நகரில் பிறந்தவர். இயற்பெயர் முரியல் எலன் டீசன். பெண் குரல் விற்காது என்ற இசைத்தட்டு நிறுவனங்களின் கணிப்பை இவரது 1952 வெற்றிப் பாட்டு பொய்யாக்கியது. மணவாழ்வை விட்டுப் போன பெண்ணைப் பழித்து ஹாங்க் தாம்சன் பாடியதற்கு ஜே. டி. மில்லர் எழுதிய எதிர்ப்பாட்டு அது. 125 டாலர் ஒலிப்பதிவுக் கூலியை எண்ணியே வெல்ஸ் பாட இசைந்தார். என்.பி.சி. வானொலி தடுத்தும், பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் ஆறு வாரம் முதலிடம் வகித்தது. தனிப் பாடகி ஒருவர் அவ்விடத்தை எட்டியது அதுவே முதன்முறை. 1935-இலேயே பாடகி பாட்சி மொன்டானாவின் இசைத்தட்டு பெருவிற்பனை கண்டது என்பர். உண்மைதான், ஆயினும் நிறுவனங்களின் தயக்கம் அதனால் நீங்கவில்லை. ஒற்றைப் பாட்டின் அதிர்ஷ்டம் என்பதும் பொருந்தாது: 1955-இல் 'மேக்கின் பிலீவ்' 15 வாரம் இரண்டாமிடத்தில் இருந்தது. 1976-இல் கன்ட்ரி இசைப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார்.