பயணத்தைக் கணக்கெடுத்தல்: படிவம் முதல் கைப்பேசி வரை

ஒரு நகரத்து மக்கள் எங்கிருந்து எங்கே, எந்த நேரத்தில், எதில் ஏறிச் செல்கின்றனர் என்பதை வீடுதோறும் கேட்டு எழுதும் முறை பயணக் கணக்கெடுப்பு எனப்படும். 1940களில் அமெரிக்க நகரங்களில் உருப்பெற்ற இம்முறை, 1968 முதல் 1974 வரை நடந்த சென்னைப் பகுதிப் போக்குவரத்து ஆய்வின்வழி இங்கு வந்து சேர்ந்தது. 1992–95, 2008–10 ஆய்வுகளும் இதே தடத்தில் நடந்தன.

முந்தைய நாளின் பயணங்களை நினைவிலிருந்து சொல்லக் கேட்பதால், மறதியே இம்முறையின் பெருங்குறையாயிற்று. சென்னைப் புறநகரான அஸ்தினாபுரத்திலிருந்து கடற்கரை ரயில் நிலையத்துக்குச் செல்பவர் தெருமுனைவரை நடந்து, பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ குரோம்பேட்டை வந்து, 1931இல் மின்மயமான தாம்பரம்–கடற்கரைத் தடத்தில் ரயிலேறுகிறார். கேட்டால் ‘ரயில்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். ஆய்வுகளும் ஒரு பயணத்தை அதன் முதன்மை வாகனத்தின் பெயரிலேயே பட்டியலிடுவது வழக்கமாதலால், புறநகர்வாசி அன்றாடம் அல்லலுறும் அந்த முதல் இரண்டு கிலோமீட்டர் ஏட்டில் ஏறாமலே போய்விடுகிறது.

1996இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் 100 வீட்டாரின் வாகனங்களில் ஜி.பி.எஸ். கருவி பொருத்திப் பார்த்த முயற்சி, இம்மறதிக்குத் தேடப்பட்ட தொடக்ககால மாற்று. 2012இல் சிங்கப்பூரின் வீட்டுப் பயண ஆய்வோடு இணைந்து சோதிக்கப்பட்ட செயலி இன்னும் ஒரு படி முன்னேறியது: கைப்பேசியின் இருப்பிடத்தையும் அசைவையும் கொண்டு நடையா, பேருந்தா, ரயிலா என்பதை அதுவே ஊகிக்க, பயணி மாலையில் பார்த்துத் திருத்தினால் போதும். தெருமுனை நடைக்கும் இம்முறையில் ஏட்டில் இடம் கிடைக்கிறது.

சென்னையில் 2025 செப்டம்பரில் அறிமுகமான ‘சென்னை ஒன்’ பேருந்து, ரயில், மெட்ரோ மூன்றுக்கும் சீட்டுத் தரும் செயலியே. அதன் பதிவுகளைக் கணக்கெடுப்புக்கு ஈடாகக் கொள்ளலாகாது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லும் பெண்களுக்கு நடத்துநரே சீட்டு கொடுத்துவிடுவதால், அவர்கள் செயலியைத் திறக்க வேண்டியதே இல்லை. நடந்தே வேலைக்குப் போகிறவர்களின் நிலையும் அதுவே. இவர்களை விட்டுவிட்டு வரையப்படும் திட்டம், யாருக்குப் பேருந்து மிகவும் தேவையோ அவர்களையே மறந்த திட்டமாகும். ஆகவே செயலி எவ்வளவு வளர்ந்தாலும், வாசற்படியில் நின்று கேட்கும் கணக்கெடுப்பாளரின் பணி அஸ்தினாபுரம் போன்ற ஊர்களில் நிற்கக்கூடாது.