இடுப்பு எலும்பு முறிவும் மாற்று மூட்டும் – ஒரு சிறு வரலாறு

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் மண் களியாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் முதியவர்களின் இடுப்பு எலும்பு பெரும்பாலும் முறிவது காட்டில் அல்ல, வீட்டில்தான். வாசற்படியிலோ ஈரமான முற்றத்திலோ கால் இடறி விழுந்தாலே போதும். ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப்புரை நோயில் எலும்பு சல்லடை போல மெலிந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம்.

விழுந்தவரால் எழ முடியாது. அடிபட்ட கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடக்கும். முன்பு கிராமங்களில் இதற்கு இருந்தவை இரண்டே வழிகள்: நாட்டு வைத்தியர் கட்டு, கயிற்றுக் கட்டில்.

கட்டு ஏன் தோற்றது?

தொடை எலும்பின் மேல்நுனி பந்து போல இருக்கும். அதற்குக் கீழே ஒடுங்கிய பகுதி கழுத்து. பந்துக்கு ரத்தம் பெரும்பாலும் கழுத்தை ஒட்டிய சிறு குழாய்கள் வழியாகவே போகிறது. கழுத்து முறிந்து விலகினால் அவை அறுந்துவிடும். எலும்பு கூடுவது கடினம். தடித்த தசைக்கு அடியில் இருக்கும் எலும்பை வெளிக்கட்டும் அசையாமல் பிடிக்காது.

லண்டன் மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822ல் வெளியிட்ட நூலில், மூட்டு உறைக்குள் ஏற்படும் இந்த முறிவு கூடுவதில்லை என்று விளக்கினார். முதியவர்களை மாதக்கணக்கில் படுக்க வைக்காமல், ஏறக்குறைய இரண்டு வாரங்களில் எழுப்பி உட்கார வைத்து, ஊன்றுகோலுடன் நடக்க விடச் சொன்னார். ஏனெனில் உயிரைப் பறித்தது முறிவைவிடப் படுக்கைதான். படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

தந்தத்திலிருந்து உலோகத்துக்கு

1891ல் ஜெர்மனியின் தெமிஸ்டோக்கிளஸ் குளுக் யானைத் தந்தத்தில் மூட்டு செய்து பொருத்தியதைப் பற்றி எழுதினார். கிருமித் தொற்று அவரது முயற்சிகளைக் கெடுத்தது. 1920களில் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் முறிவை ஆணியால் இணைத்தார். 1940ல் அமெரிக்காவின் ஆஸ்டின் மூரும் ஹரோல்ட் போல்மனும் கட்டியால் அழிந்த தொடை எலும்பின் மேல்பகுதிக்கு உலோகம் பொருத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்து 1950களில் வந்த 'ஆஸ்டின் மூர்' பந்து, இந்திய அரசு மருத்துவமனைகளிலும் நெடுங்காலம் பயன்பட்டது. இதில் பந்து மட்டுமே மாறும், கிண்ணம் பழையதுதான்.

இரண்டையும் மாற்றும் முறையை நிலைநிறுத்தியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. அவர் முதலில் வைத்த டெப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளில் தேய்ந்துபோயின. ஏறக்குறைய 300 நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். 1962ல் ஒரு விற்பனையாளர் கொண்டுவந்த கடினமான பாலிஎத்திலீனில் சார்ன்லிக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவரது உதவியாளர் ஹாரி கிரேவன் அதை இயந்திரத்தில் இட்டுத் தேய்த்துப் பார்த்தார். தேய்மானம் மிகக் குறைவு. அந்த ஆண்டு நவம்பரிலேயே அது நோயாளிகளுக்கு வந்தது.

கரிசல் பக்கம்

மதுரை மருத்துவக் கல்லூரி 1954லும், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965லும், தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி 2000லும் தொடங்கின. 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. தீப்பெட்டி ஆபீசிலும் பருத்திக் காட்டிலும் உழைத்த குடும்பங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி எட்டும் தூரத்துக்கு வந்தது.

எல்லா இடுப்பு முறிவுக்கும் மாற்று மூட்டு தேவையில்லை. கழுத்துக்குக் கீழே முறிந்தால் ஆணியோ பிளேட்டோ போதும். கழுத்து முறிந்து விலகினால், தளர்ந்தவர்களுக்குப் பந்து மட்டும் மாற்றப்படும். நன்றாக நடமாடியவர்களுக்கு முழு மூட்டும் மாற்றப்படலாம். உடல்நிலை இடம் கொடுத்தால் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்பதே இன்றைய பல வழிகாட்டுதல்களின் கருத்து. மறுநாளே பிடித்து நடக்க வைப்பார்கள். குத்துக்கால், சம்மணம் இட்டு உட்காருவதை மட்டும் பெரும்பாலும் விட வேண்டியிருக்கும்.

"வயசான காலத்துல கத்தி எதுக்கு?" என்ற கேள்வி இன்றும் வீடுகளில் எழுகிறது. 200 ஆண்டு வரலாறு அதற்குச் சொல்லும் பதில் ஒன்றுதான்: வயதானவர்களுக்குக் கத்தியைவிடக் கட்டில் ஆபத்தானது.