பழைய காரும் வியாபாரியின் வாக்கும்

வாங்குகிறவனே விழிப்பாயிருக்க வேண்டுமென்ற வர்த்தக நியதியின் கடுமையை 1893-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இங்கிலாந்தில் ஓரளவு தளர்த்திய பின்னரும், 1939-ம் வருஷத்து மாரிஸ் காரை, பதிவுப் புத்தகத்தை நம்பி 1948-ம் வருஷத்தியதென்று சொல்லி விற்ற சாதாரண மனிதர் ஒருவரிடமிருந்து, அதை வாங்கிய மோட்டார் கம்பெனி நஷ்டஈடு பெற முடியாதென்று 1957-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தொழிலறிந்த கம்பெனியே விசாரித்திருக்கலாம் அல்லவா?

1965-ல் வந்த வழக்கோ நேர்மாறானது. மைல்மானி 20,000 காட்டிய பென்ட்லி கார் ஒன்றை, என்ஜினும் கியர்பாக்ஸும் மாற்றிய பிறகு அவ்வளவு தூரமே ஓடியதென்று வியாபாரி உறுதி கூறி விற்றிருந்தார். அது ஓடியிருந்ததோ ஏறக்குறைய 1,00,000 மைல். வண்டியின் பூர்வ சரித்திரத்தை அறியும் சௌகரியம் வியாபாரிக்கே உண்டாகையால், அவர் வாக்கு உத்தரவாதமே என்று நீதிபதி டென்னிங் பிரபு தீர்த்தார். முற்றிலும் நியாயமான தீர்ப்பு.

இப்போதோ, இங்கிலாந்தில் 2015-ம் வருஷத்து நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வர்ணித்தபடி இல்லாத காரை விற்ற வியாபாரியிடம் பொதுவாக 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம்.